மிதக்காத பலகை: வீட்டுத் தளம் போடுமுன் ஓர் அறிவியல் பாடம்

ஒரு சிறிய சோதனையுடன் தொடங்குவோம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். அதில் ஒரு சாதாரண மரத்துண்டைப் போடுங்கள், மிதக்கும். பால் புட்டியின் நெகிழி மூடியைப் போடுங்கள், அதுவும் மிதக்கும். இப்போது மரத்தூளையும் அதே வகை நெகிழியையும் கலந்து செய்த, உள்ளே துளையில்லாத ஒரு கலப்புப் பலகைத் துண்டைப் போடுங்கள். அது கல்லைப்போல் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

மிதக்கும் இரண்டு பொருள்களைச் சேர்த்தால் மூழ்கும் பொருள் எப்படி வந்தது?

மரம் மிதப்பதற்குக் காரணம் அதன் நுண்குழாய்களில் அடைந்திருக்கும் காற்று. அந்தக் காற்றை நீக்கிவிட்டு மரத்தின் திடப்பொருளை மட்டும் எடுத்தால், ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 1.5 கிராம் எடை இருக்கும். ஆலையில் மரத்தூளைச் சூடான நெகிழியுடன் அழுத்திப் பிசையும்போது நுண்குழாய்கள் நசுங்குகின்றன, காற்று வெளியேறுகிறது. 100 கிராம் கலவையில் 60 கிராம் மரத்தூள், 40 கிராம் பாலிஎத்திலீன் இருப்பதாகக் கொள்வோம். மரம் பிடிக்கும் இடம் 40 கன சென்டிமீட்டர். பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.95 என்பதால் அது பிடிக்கும் இடம் 42. மொத்தம் 82 கன சென்டிமீட்டரில் 100 கிராம். அடர்த்தி ஏறக்குறைய 1.2, தண்ணீரைவிட அதிகம். ஆகவே மூழ்குகிறது.

இந்தச் சோதனை ஒரு விளையாட்டு மட்டுமன்று. தரை வீடுகளின் பின்புறத்திலும், முன் முற்றத்திலும், மாடி முகப்பிலும் இன்று பலர் போட்டுவரும் கலப்புப் பலகைத் தளம், பார்க்க மரம்போல் இருந்தாலும் மரமன்று என்பதற்கு அது சாட்சி. மரத்துக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்தால் பலகை வளையும், நெளியும், பூசணம் பிடிக்கும். பல ஆண்டுகள் உழைக்கவேண்டிய தளம் இரண்டு மழைக்காலத்திலேயே கெட்டுப்போகும். கெட்டதற்குப் பெரும்பாலும் பலகை காரணமாக இருக்காது. போட்ட முறைதான் காரணமாக இருக்கும்.

முறுக்குப் பிழிவதுபோல்

நம் வட்டாரத்தில் வெளித்தளம் என்றால் முன்பு செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்கள்தாம். வெயிலையும் கறையானையும் தாங்கும் அந்த மரங்கள் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். கிடைப்பது குறைந்தது, விலை ஏறியது. இன்னொரு பக்கம், மர ஆலைகளில் தூள் மலைபோல் குவிந்தது. பயன்படுத்தி எறிந்த நெகிழிப் பைகளும் குவிந்தன. இரண்டையும் சேர்த்துப் பலகை செய்யும் தொழில் 1990களில் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்து, பிறகு ஆசியாவுக்கும் பரவியது. மரத்தூளுக்குப் பதிலாக நெல் உமியையும் சேர்க்கலாம். நம் முன்னோர் தோட்டப்புறங்களில் பால் வெட்டிய ரப்பர் மரம், பால் வற்றியதும் வெட்டப்பட்டு நாற்காலி மேசையாகிறது. அதை அறுக்கும்போது விழும் தூளும் இந்தக் கலவைக்கு ஏற்றதே.

செய்முறை உங்கள் வீட்டுச் சமையலறையில் பார்த்ததுதான். மாவைப் பிசைந்து முறுக்கு அச்சில் அழுத்துகிறோம். எந்த வில்லையைப் போடுகிறோமோ அந்த வடிவத்தில் வெளியே வருகிறது. இங்கே மாவு, உருகிய நெகிழியும் மரத்தூளும். வில்லை, பலகையின் குறுக்குவெட்டு வடிவில் செய்த எஃகு அச்சு.

ஆனால் எல்லா நெகிழியும் இதற்கு ஆகாது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மரத்தூள் கருகத் தொடங்கும். அதற்குக் கீழேயே உருகும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், அல்லது அந்த வெப்பநிலையில் இளகக்கூடிய பி.வி.சி. ஆகியவையே பயன்படுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரம் நீரை விரும்பும். நெகிழியோ எண்ணெயைப் போன்றது, நீரோடு ஒட்டாது. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் போகுமா? சீயக்காய் வேண்டும். அதன் மூலக்கூறு ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் நீரையும் பிடித்துக்கொள்கிறது. அதேபோல் மரத்தூளையும் நெகிழியையும் பிடித்துச் சேர்க்க, இணைப்பான் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு கலப்பார்கள். இந்தப் பிடிப்பு நன்றாக அமைந்தால் பலகை வலுப்பெறும்; நீரையும் குறைவாகவே குடிக்கும்.

புதிய வகைப் பலகைகளில், கலவையைச் சுற்றித் தூய நெகிழியால் ஒரு மெல்லிய உறையும் இருக்கும். வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: உறை மேற்புறத்தில் மட்டுமா, நான்கு பக்கமுமா?

முதல் பாடம்: பலகை நீளும்

மரம் நீரை உறிஞ்சினால் அகலத்தில் பெருக்கும். நீளத்தில் அதன் மாற்றம் மிகச் சொற்பம். அதனால் தச்சர்கள் பரம்பரையாகப் பலகைகளுக்கு இடையே பக்கவாட்டில் சந்து விடுவார்கள். முனைகளை மட்டும் ஒன்றோடொன்று நெருக்கிப் பொருத்துவார்கள். மரத்துக்கு அது சரி.

கலப்புப் பலகைக்கு அது தவறு. நெகிழி வெப்பத்தில் விரியும் பொருள். பலகையின் நீளம்தான் மிகப் பெரிய அளவு என்பதால் விரிவு அங்கேதான் தெரியும். வகைக்கு வகை மாறினாலும், ஒரு மீட்டர் பலகை ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர் நீளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விடியற்காலையில் பலகையின் வெப்பநிலை 25 டிகிரி. உச்சிவெயிலில் அடர்நிறப் பலகை 60 டிகிரிக்குச் சூடாகலாம். வேறுபாடு 35 டிகிரி. பலகையின் நீளம் 4 மீட்டர்.

4 × 35 × 40 = 5,600 மைக்ரோமீட்டர். அதாவது 5.6 மில்லிமீட்டர்.

இந்த 5.6 மில்லிமீட்டருக்கு இடமே விடாமல், இரு முனைகளையும் சுவருக்குச் சுவர் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? நடுவில் எந்தப் பிடிப்பும் இல்லாமல், பலகை கூரைபோல் மேலே மடிவதாகக் கற்பனை செய்யுங்கள். பாதித் தளம் 2,000 மில்லிமீட்டர். பாதிப் பலகை இப்போது 2,002.8 மில்லிமீட்டர். பித்தாகரஸ் தேற்றத்தின்படி உயரம் எவ்வளவு? 2,002.8இன் வர்க்கத்திலிருந்து 2,000இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் காணுங்கள். விடை ஏறக்குறைய 106 மில்லிமீட்டர்!

அரை சென்டிமீட்டர் நீட்சி, நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்வாக மாறுகிறது. நிஜத்தில் திருகாணிகள் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது அவ்வளவு எழாது. ஆனால் அந்த விசை எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. திருகாணியின் கழுத்தை ஒடிக்கும்; பிடிப்பான்களைப் பிடுங்கும்; பலகையைப் பக்கவாட்டில் நெளிக்கும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு பலகையையும் நடுப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் அசையாமல் திருகுங்கள். மற்ற இடங்களில், பலகையின் பக்கவாட்டுப் பள்ளத்தில் நுழையும் பிடிப்பான்கள் அதை மேலே எழும்பவிடாமல் பிடிக்கட்டும். நீளவாட்டில் நகர விடட்டும். அப்போது 4 மீட்டர் பலகையின் ஒவ்வொரு முனையும் 2.8 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். இரண்டு பலகைகள் முனையோடு முனை சந்திக்கும் இடத்தில், குளிர்ந்த காலையில் பொருத்தினால் 6 மில்லிமீட்டர் சந்து வேண்டும். நண்பகல் வெயிலில் பொருத்தினால் பலகை ஏற்கெனவே நீண்டிருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டரே போதும். இரவில் அது தானாகவே அகலும். அதனால் சந்து எவ்வளவு என்று கேட்குமுன், பலகை இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்கவேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் இதற்கான அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் கண்மட்டத்தில் பொருத்துபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் பாடம்: பலகை தொய்யும்

ஒரு 30 சென்டிமீட்டர் நெகிழி அடிக்கோலை மேசை விளிம்பில் 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, மறுபக்கத்தை அழுத்திப் பிடியுங்கள். நுனியில் சில காசுகளை நாடாவால் ஒட்டி, நுனி எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, அதே காசுகளோடு மீண்டும் அளந்து பாருங்கள். நீளம் இரண்டு மடங்கு ஆயிற்று; தாழ்வும் இரண்டு மடங்காகுமா? இல்லை, ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரே இடத்தில் பாரம் விழும்போது, வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது.

தளத்திலும் இதே விதிதான். பலகைக்குக் கீழே ஓடும் தாங்குசட்டங்களின் இடைவெளி 400 மில்லிமீட்டராக இருக்கவேண்டிய இடத்தில், செலவைக் குறைக்க 600 மில்லிமீட்டராக வைத்தால் என்ன ஆகும்? இடைவெளி ஒன்றரை மடங்கு. 1.5 × 1.5 × 1.5 = 3.4. கால் வைக்கும்போது பலகை மூன்று மடங்குக்கும் மேலாக அமுங்கும். மிச்சமானவை சில சட்டங்கள் மட்டுமே.

கலப்புப் பலகையின் விறைப்பு, பாலாவ் போன்ற கடின மரத்தின் விறைப்பில் மிகச் சிறிய பங்குதான். அதனால் மரத்துக்குப் போதுமான இடைவெளி இதற்குப் போதாது. 300 முதல் 400 மில்லிமீட்டர் வரை என்பது பல தயாரிப்பாளர்கள் கேட்கும் அளவு. உள்ளே துளையுள்ள பலகைக்கும், சட்டத்துக்குச் சாய்வாகப் போடும் பலகைக்கும் இன்னும் நெருக்கம் வேண்டும்.

நெகிழிக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் நீண்டநாள் ஒரே இடத்தில் இருந்தால், அது மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். சூடு ஏற ஏற இது விரைவாகும். பாரத்தை எடுத்த பிறகும் தொய்வு முழுதாக நிமிராது. பெரிய கருவேப்பிலைத் தொட்டியையோ துளசி மாடத்தையோ தளத்தில் வைப்பதாக இருந்தால், நேர் கீழே தாங்குசட்டம் இருக்குமாறு வையுங்கள்.

இதே காரணத்தால் கலப்புப் பலகையைத் தூணாகவோ தாங்குசட்டமாகவோ பயன்படுத்தக்கூடாது. அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டு, பாரம் தாங்கும் அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. சட்டங்களுக்குத் துத்தநாகம் பூசிய எஃகு, அலுமினியம், பதப்படுத்திய மரம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பூசிய எஃகை வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டு முனைகளுக்குத் துத்தநாகச் சாயம் அடித்த பிறகே பொருத்தவேண்டும். செம்புச் சத்து கலந்து பதப்படுத்திய மரத்தோடு வெறும் அலுமினியத்தைத் தொடவிடாதீர்கள். ஈரத்தில் அவை ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். போர்ட்டிக்சன், பினாங்குக் கடற்கரை, சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரை போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே நல்லவை. அதில் கலந்திருக்கும் மாலிப்டினம் உப்பின் அரிப்பை எதிர்க்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் பலகை நன்றாக இருந்தும் திருகாணி துருப்பிடித்துத் தளம் கெட்டால், கூலியையும் சேர்த்து இரண்டாம் முறை செலவழிக்கவேண்டும்.

மூன்றாம் பாடம்: கீழே என்ன நடக்கிறது?

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த நீரெல்லாம் தளத்தின் சந்துகள் வழியாகக் கீழே இறங்கும். இறங்கிய பிறகு அது எங்கே போகிறது?

பெரும்பாலான வீடுகளில், ஏற்கெனவே உள்ள சிமெண்டுத் தரைக்கு மேலேதான் பலகைத் தளம் போடுகிறார்கள். அந்தத் தரை, சாக்கடையை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது குட்டையாக நின்றால், முதலில் அதைச் சிமெண்டால் சரிசெய்யுங்கள். தளம் போட்ட பிறகு அதைத் தொடவே முடியாது.

அடுத்தது, தாங்குசட்டங்களின் திசை. நீர் ஓடும் திசையிலேயே அவை ஓடவேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு சிறிய அணைக்கட்டாகிவிடும். சட்டத்தை நேராகத் தரையில் கிடத்தாமல், சிறு ரப்பர் அல்லது நெகிழி மெத்தைகளின்மேல் உயர்த்தி வைத்தால், நீர் அடியிலும் ஓடும், சட்டமும் காயும்.

கீழே காற்றோட்டம் இல்லாவிட்டால் பலகையின் அடிப்புறம் எப்போதும் ஈரமாகவும், மேற்புறம் வெயிலில் காய்ந்தும் இருக்கும். அடியிலுள்ள மரத்துகள்கள் நீர் குடித்துப் பெருக்கும். மேலே உள்ளவை பெருக்கா. விளைவு, பலகையின் ஓரங்கள் மேலே எழும்பிக் கிண்ணம்போல் குழியும். அடிப்புறம் உறையில்லாத பலகையில் இது விரைவில் நடக்கும். வெட்டிய முனைகளும் உறையற்றவையே. துளைப்பலகையின் முனைகள் திறந்திருந்தால் அவற்றில் நீரும் எறும்பும் குடியேறும். மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. தளத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவின் வீடு. 20 காசு நாணயத்தின் அளவு நீரே அதற்குப் போதும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். காய்ந்துபோன முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டிங்கிக் காய்ச்சல் ஒரு குடும்பத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கொசுப்புழு இருந்தால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு.

ஆகவே தளம் போடும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள். சாக்கடைமூடி இருக்கும் இடத்திலும், நீர் வெளியேறும் மூலையிலும், கழற்றி எடுக்கக்கூடிய கதவுப் பலகை ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறை அதைத் தூக்கி விளக்கடித்துப் பாருங்கள். தேங்கிய இலைகளை வாருங்கள். அப்போதே சுவரோரத்திலும் சட்டங்களிலும் மண்குழாய் ஏறுகிறதா என்று கவனியுங்கள். அது கறையானின் பாதை. கலப்புப் பலகை கறையானுக்கு எளிதான உணவன்று. ஆனால் கீழே உள்ள மரச்சட்டமும், அதை ஒட்டிய வீட்டு நிலைக்கதவும் அதற்கு விருந்து. மூடிய தளம் அந்தப் பாதையை மறைத்துவிடும்.

வெயில், நெருப்பு, பூசணம்

அடர்நிறம் கண்ணுக்கு அழகு, காலுக்கு அன்று. வெயில் விழும் இடத்துக்கு வெளிர்நிறப் பலகையே ஏற்றது. சிறு குழந்தைகள் தவழும் வீடாக இருந்தால், மாதிரித் துண்டை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, கையால் தொட்டுப் பார்த்தபிறகு நிறத்தை முடிவுசெய்யுங்கள்.

பாலிஎத்திலீன் ஏறக்குறைய 130 டிகிரியிலேயே உருகிவிடும். கரி அடுப்பு, தீபாவளி மத்தாப்பு, கார்த்திகை அகல்விளக்கு எதையும் நேராகப் பலகையின்மேல் வைக்கக்கூடாது. கீழே ஒரு தட்டோ கல்லோ இருக்கட்டும்.

உறையில்லாத புதுப் பலகையிலிருந்து முதல் சில மழைகளில் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அது மரத்தின் சாயச்சத்து, நாளடைவில் நின்றுவிடும். நிறமும் முதல் சில மாதங்களில் சற்று வெளுத்து, பிறகு நிலைபெறும். கரும்புள்ளியாகப் பூசணம் வந்தால் பலகை உளுத்துவிட்டது என்று பதறவேண்டாம். பெரும்பாலும் அது மேலே படிந்த தூசியையும் மகரந்தத்தையும் தின்று வளர்வது. சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும். நீளவாட்டில் தேயுங்கள். அழுத்த நீர்த்தாரையை மிக அருகில் பிடித்தால் மேற்பரப்பு பெயர்ந்து, பூசணத்துக்குப் புது வாசல் திறக்கும்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய துண்டுகளைப் பின்புறத்தில் போட்டுக் கொளுத்தாதீர்கள். பி.வி.சி. கலந்தவை எரியும்போது அமில வாயு வெளியாகும். அறுக்கும்போது விழும் தூளும் நெகிழி கலந்தது. அடியில் விரிப்பு போட்டுச் சேகரித்துவிடுங்கள். சாக்கடைக்குள் கூட்டித் தள்ளவேண்டாம். அறுப்பவர் முகக்கவசம் அணியவேண்டும். மரத்தையும் நெகிழியையும் ஒருமுறை சேர்த்துவிட்டால் மீண்டும் பிரிப்பது கடினம். இந்தப் பலகை சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யவேண்டுமானால், அது நீண்டகாலம் உழைக்கவேண்டும். மூன்றாண்டில் குப்பைக்குப் போகும் தளத்தால் மரத்துக்கும் லாபமில்லை, நெகிழிக்கும் லாபமில்லை.

குத்தகையாளரிடம் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

1. பலகையின் உறை எத்தனை பக்கம்? அடிப்புறம் உண்டா?
2. தாங்குசட்டம் எந்தப் பொருள்? இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்?
3. சட்டங்கள் நீரோட்டத் திசையில் ஓடுமா?
4. முனைகளில் விடும் சந்து எவ்வளவு? எந்த வெப்பநிலைக்கு?
5. இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிச் சட்டம் உண்டா?
6. திருகாணியும் பிடிப்பானும் எந்த உலோகம்?
7. கழற்றிப் பார்க்கும் கதவுப் பலகை எங்கே?

தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் தளமாக இருந்தால் எட்டாவது கேள்வியும் உண்டு: பொறியாளர் பார்த்தாரா? அதிகாரிகளின் அனுமதி தேவையா? உயரமான தளம், வீட்டுச் சுவரோடு இணையும் இடத்தில் வெறும் ஆணியை நம்பி நிற்கக்கூடாது. திருநாளன்று இருபது பேர் ஒரே நேரத்தில் அதன்மேல் நிற்பார்கள் என்று எண்ணிக் கட்டவேண்டும்.

செய்து பாருங்கள்

ஏற்கெனவே உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய தளம் இருந்தால், ஒரு வெயில் நாளில் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும், இரு பலகைகள் முனையோடு முனை சந்திக்கும் சந்தை அளந்து எழுதுங்கள். பலகையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்து எவ்வளவு சுருங்கியது? இரு பலகைகளும் நடுவில் மட்டும் திருகப்பட்டவை என்று கொண்டு, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் எத்தனை மைக்ரோமீட்டர் நீண்டது என்று கணக்கிடுங்கள். நாம் எடுத்துக்கொண்ட 40க்கு உங்கள் விடை எவ்வளவு அருகில் வருகிறது?

சந்து சுருங்கவே இல்லை என்றால், அல்லது காலையிலேயே முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால், கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக் காட்டுங்கள். பலகை நெளிவதற்குமுன் முனைகளைச் சில மில்லிமீட்டர் அறுத்துவிட்டாலே போதும். நெளிந்தபின் மாற்றத்தான் வேண்டும்.